எட்டாவது மேட்டில் ஒருவர்

கோல்ஃப் எனக்கு அவ்வளவு நன்றாக வராது, இன்ஸ்பெக்டர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடமாகக் கிளப் தலைவராக இருக்கிறேன். ஆறாவது குழிக்குப் பக்கத்தில், ஈயம் தோண்டிய பழைய குட்டையில் நான் தொலைத்த பந்துகளை அள்ளினால் ஒரு கடையே வைக்கலாம். ஆனால் தலைவருக்குப் பந்து அடிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆட்களைச் சமாளிக்கத் தெரிந்தால் போதும்.

எங்கள் கிளப்புக்கு முதலாளி கிடையாது. நூற்று நாற்பது உறுப்பினர்கள், நூற்று நாற்பது பேரும் முதலாளிகள். வந்தவர்கள் எல்லாருமே மாப்பிள்ளை வீட்டாராக இருக்கிற கல்யாணத்தை நடத்துவது மாதிரி அது. பந்து மரத்தில் பட்டால், மரத்தை வெட்டுங்கள் என்று ஒரு கடிதம் வரும். அடுத்த வாரம் அதே ஆளிடமிருந்து, நிழலே இல்லை, மரம் நடுங்கள் என்று இன்னொரு கடிதம் வரும். கேன்டீன் பலகாரம் கறிபாப்பில் உருளைக்கிழங்கு போதவில்லை என்று ஒருவர் கிளப்பிவிட, அதற்காகவே இரண்டு மணி நேரம் செயற்குழு கூடியிருக்கிறோம். நான் யாரையும் கடிந்து பேசியதில்லை. சிரிக்க வைத்து அனுப்பிவிடுவேன்.

மின்னல் சைரன் விஷயமும் அப்படித்தான். இந்த ஊரில் மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்காத நாள் குறைவு. முன்பெல்லாம் யார் யாரோ பொத்தானை அழுத்துவார்கள். ஆட்டம் நின்றுவிடும். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் மட்டையை வீசிவிட்டு வந்து சண்டை போடுவார். அதனால் தலைவர் மட்டும்தான் சைரன் அடிக்கலாம் என்று தீர்மானம் போட்டோம். என் அறையில் பொத்தானுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு. சாவி என் சட்டைப் பையில்.

ஏப்ரன் என் யோசனை. சைரன் அடிப்பதற்கு முன்னால் பயந்து ஓடி வருகிறவர், சமையல்கட்டிலிருக்கும் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆண்டு விருந்தில் விளையாட்டாகச் சொன்னேன், அதுவே வழக்கமாகிவிட்டது. டாக்டர் கட்டியிருக்கிறார், வக்கீல் கட்டியிருக்கிறார், டத்தோ பட்டம் வாங்கிய ஒருவர்கூடக் கட்டியிருக்கிறார். போன வருடம் சியோங் வாய் கியாட் கட்டினார்.

ஆமாம், நீங்கள் விசாரிக்கிற அதே சியோங்தான். இடைநிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளப்பிலேயே நன்றாக ஆடுகிறவரும் அவர்தான். அன்று ஒரே ஒரு முழக்கம் கேட்டதும் உள்ளே வந்துவிட்டார். அப்புறம் இடியும் இல்லை, மழையும் இல்லை.

“வாத்தியாரே, எனக்குச் சக்கரை கொஞ்சம் கம்மியா,” என்று கோப்பையை நீட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

இந்த வருடம் ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்னால் அவர் என் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். மரியாதையான மனிதர்.

“தலைவரே, உங்களுக்குத் தெரியாம செய்யக்கூடாதுன்னு வந்தேன். மூணு தவணைக்கு மேல யாரும் தலைவரா இருக்கக்கூடாதுன்னு தீர்மானம் கொண்டு வரேன். நானும் எலெக்‌ஷன்ல நிக்கிறேன்.”

“தாராளமா நில்லுங்க வாத்தியாரே. கால் வலிச்சா நாற்காலி தரச் சொல்றேன்.”

“அந்த நாற்காலியத்தானே கேக்குறேன்,” என்றார்.

நன்றாகத்தான் சொன்னார். நானே சிரித்துவிட்டேன். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். எண்பத்தெட்டு கையெழுத்து. முதல் கையெழுத்து அந்த உருளைக்கிழங்குக்காரருடையது.

எனக்குக் கோபம் வரவில்லை. கிளப்பை நினைத்துத்தான் கவலை வந்தது. கணக்கு வாத்தியாருக்கு எதுவும் சரி அல்லது தப்பு. இந்த நூற்று நாற்பது முதலாளிகளிடம் அதைச் சொன்னால் ஒரே மாதத்தில் கிளப் உடைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதற்கு முந்தின நாள் மாதப் போட்டி. சியோங்கும் லாரி கம்பெனி ரஸாலியும் கடைசி ஜோடி, மற்றவர்கள் ஆடி முடித்து உள்ளே வந்துவிட்டார்கள். நாலு மணிக்கு மலைப்பக்கம் கறுத்து இடி முழங்கியது. கொஞ்ச நேரத்தில் ரஸாலி மூச்சிரைக்க ஓடி வந்து, யாரும் சொல்லாமலே ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டார். ஒரே கைதட்டல். எனக்குக் கோப்பையை நீட்டும்போது குனிந்து சொன்னார்:

“சியோங் எட்டாவது மேட்டுல நிக்கிறான் தலைவரே. கூப்பிட்டா வரமாட்டேங்கிறான். ‘இன்னொரு தடவை தேத்தண்ணி ஊத்த மாட்டேன், சைரன் அடிக்கட்டும், வரேன்’ங்கிறான். சீக்கிரம் அடிங்க.”

“இதோ,” என்றேன்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். மைதானத்தில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்று பட்டியலைப் பார்த்தேன். ஒரே பெயர். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எட்டாவது மேடு தெரியும். மரமில்லாத மேடு, மரத்தை வெட்டச் சொல்லித்தான் கடிதம் வந்ததே. அவர் கிளப் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வகுப்பு முடிகிற மணிக்குக் காத்திருக்கிற மாதிரி.

பயமாக இருந்தால் வந்திருக்கலாமே என்று நினைத்தேன். ஒரு ஏப்ரன்தானே. கௌரவம் பார்க்கிற ஆள் எப்படித் தலைவராக முடியும்?

அலுவலகத்தில் வேலை செய்யும் அக்கா, காக் ஸலேஹா, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “தலைவரே, சைரன் அடிக்கலையா? ஒருத்தர் வெளிய இருக்காராமே.”

“அடிக்கிறேன் காக். நீங்க போய் ஜன்னலெல்லாம் சாத்துங்க.”

அவர் உங்களிடம் சொன்னது உண்மைதான். பொய் சொல்லத் தெரியாதவர். அவரை வேலைக்கு எடுத்ததே நான்தான்.

மறுநாள் படிக்க வேண்டிய தலைவர் அறிக்கை மேசைமேல் இருந்தது. அதை ஒருமுறை படித்துத் திருத்தினேன். பதினொரு நிமிடம் ஆனது. பிறகு வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. நான் எழுந்து பெட்டியைத் திறந்து சைரனை அடித்தேன்.

பூட்டு துருப்பிடித்துச் சாவி சிக்கிக்கொண்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். நம்பினார்கள். சியோங்கின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘உங்களால முடிஞ்சத செஞ்சீங்க’ என்று அழுதார். எட்டாவது குழிக்கு அவர் பெயரை வைக்க வேண்டும் என்று நான்தான் முன்மொழிந்தேன். உருளைக்கிழங்குக்காரர் உட்பட ஒருவரும் மறுக்கவில்லை. எங்கள் கிளப்பில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

நேற்று உங்கள் ஆள் அந்தப் பூட்டைத் திறந்து பார்த்தார். ஒரே திருப்பில் திறந்துகொண்டது. ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். சாவி சிக்கவில்லை. அவர் அங்கே நிற்பது எனக்குத் தெரியும். சைரனுக்காகத்தான் நிற்கிறார் என்பதும் தெரியும். நான் வேண்டுமென்றேதான் அடிக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஒரே ஒரு வேண்டுகோள். கூட்டத்தை இருபத்தெட்டாம் தேதிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். தலைவர் பதவிக்கு இப்போது ஒரு பெயர்தான் இருக்கிறது. அன்றைக்கு ஒரு காலைப்பொழுது மட்டும் என்னை விட்டால் போதும், இன்ஸ்பெக்டர். கிளப்பே துக்கத்தில் இருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் அவர்களை ஆறுதல் சொல்ல ஆளில்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.