வெள்ளித் தட்டில் வைக்கக் கூடாத மீன்

— வெள்ளித் தட்டை எடும் ஸ்ம்ருதி. அதில வைக்காதையும்.

— ஏன் மாமி? எங்க அம்மா கல்யாணத்துக்குக் குடுத்த தட்டு. கிறிஸ்மஸ் ஈவ்னு உங்களுக்காகவே பாலிஷ் பண்ணி எடுத்து வச்சேன்.

— அதுக்குத்தான் சொல்லுறன். லூத்தஃபிஸ்க் எண்டால் சும்மா மீனே? காஞ்ச மீனைக் காஸ்டிக் சோடாவில ஊறப்போட்டு, பிறகு நாள்க்கணக்கில தண்ணி மாத்தி மாத்தி எடுக்கிற சாமான். வெள்ளியில பட்டால் கறுத்துப்போகும். அந்தக் கண்ணாடிச் சாப்பாட்டுக் கோப்பையைத் தாரும்.

— காஸ்டிக் சோடாவா? பாத்ரூம் அடைப்புக்குப் போடறதா?

— ஓம், அதேதான். பயப்பிடாதையும். நோர்வேக்குப் போன காலந்தொட்டுத் தின்னுறன், உயிரோடதானே இருக்கிறன்.

— மாமி, நான் பிறந்ததுலேர்ந்து முட்டை கூடத் தொட்டதில்ல. இன்னைக்கு மாஸ்க் போட்டுக்கிட்டு, யூட்யூப் பார்த்து, ஃபாயில் மூடி ஓவன்ல வச்சேன். பக்கத்து வீட்டு காமாக்ஷி ஆன்ட்டி ஃபோன் பண்ணி கேஸ் லீக் ஆகுதான்னு கேக்கறாங்க. உங்க பிள்ளை ரூம் ஸ்ப்ரே வாங்கறேன்னு காரை எடுத்துட்டு ஓடிட்டார். ப்ளீஸ், நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க.

— இரும், முதல்ல வாயில வைச்சுப் பாக்கிறன்.

— என்ன மாமி, கண்ணை மூடிட்டீங்க?

— உப்புக் காணாது. மற்றப்படி வடிவாய் வந்திருக்கு. கரைஞ்சு போகாமல் நடுங்கிக்கொண்டு நிக்குது பாரும், அப்பிடித்தான் நிக்கவேணும். எங்க எடுத்தனீர்?

— மினசோட்டால ஒரு கடை. ஐஸ் பெட்டில வச்சு ஷிப் பண்ணாங்க.

— உதுக்குப் போய் இவ்வளவு பாடுபட்டனீரே.

— சும்மா இல்ல மாமி. சத்தியமா சொல்றேன், இது லஞ்சம்.

— என்ன லஞ்சம்?

— நார்வேல கிடைக்கறது நம்ம பிளசன்டன் ஊர்லயும் கிடைக்கும்னு காட்டத்தான். அடுத்த வாரம் போகாதீங்க. கீழ் ரூமை உங்களுக்குன்னே பெயின்ட் அடிச்சு வச்சிருக்கேன். மாமா போய் மூணு வருஷம் ஆச்சு. அந்த இருட்டுலயும் பனியிலயும் ஒத்தையா என்ன பண்ணப் போறீங்க?

— இதைச் சயந்தன் கேக்கச் சொன்னவனோ?

— அவர் எங்க வாயைத் திறக்கறார்? நீங்க போறதைப் பத்திப் பேச்செடுத்தாலே எழுந்து போயிடறார். உள்ளுக்குள்ள அவ்வளவு வருத்தம்.

— ம்.

— எனக்கும்தான் மாமி. அம்மா போனப்புறம் என்னை 'சாப்டியா'ன்னு கேக்க ஆளில்ல. இந்த ரெண்டு மாசமா வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறந்தா வீட்டுல நீங்க இருக்கீங்க. அது எனக்கு வேணும். சத்தியமா வேணும்.

— அழாதையும் பிள்ளை. உம்மை விட்டிட்டுப் போக எனக்கும் மனமில்லை.

— அப்ப இருங்களேன்.

— ஒரு விசயம் கேளும். உம்மட மாமாவுக்கு இந்த மீனைக் கண்ணில காட்டக் கூடாது. ரெண்டு பேருக்கும் மீன் ஃபக்டரியில வேலை. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, அங்க பெரிய மேசை போட்டு எல்லாருக்கும் இதைத்தான் பரிமாறுவினம். 'மலர், மனுசர் சவர்க்காரம் தின்னுமோ?' எண்டு காதுக்குள்ள கேப்பார், அவருக்கு இது சோப்புக்கட்டி மாதிரி. வீட்டில நான் சமைச்சால் சயந்தன் மேல அறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டிக்கொள்ளுவான். எனக்கெண்டால் முதல் வாயிலயே பிடிச்சுப்போச்சு. வருசாவருசம் தனிய இருந்துதான் சாப்பிடுவன்.

— ஐயோ பாவம் மாமி.

— ஒரு பாவமும் இல்லை. அவர் நல்ல மனுசன், மூக்கைப் பொத்திக்கொண்டாவது வாங்கித் தருவார். அவர் செத்த வருசம் நத்தாரண்டு, எதிர்வீட்டு ஊலாவ் ஒரு சட்டியோட வந்து கதவைத் தட்டினார்.

— ஸ்கூல் பஸ் ஓட்டிட்டு ரிட்டயர் ஆனாரே, அவரா?

— ஓம். 'இதைத் தனியச் சாப்பிடக் கூடாது' எண்டு சொல்லி மேசையில இருந்தார். சாப்பிட்டு முடிச்சு, இன்னும் போடச்சொல்லித் திரும்பவும் கோப்பையை நீட்டினார். பிறகு இன்னொருக்காலும் நீட்டினார். பிள்ளை, நான் குசினிக்குள்ள போய் நிண்டு அழுதன்.

— ம்... அப்புறம்?

— பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தோசைக்கு வருவார். தோசைக்கு ஜாம் பூசிச் சாப்பிடுற ஆள். நானும் ஒண்டும் சொல்லுறேல்லை.

— இருங்க இருங்க. உங்க முகம் ஏன் இப்படி சிவக்குது?

— அடுப்புச் சூடு.

— ஓவனை எப்பவோ ஆஃப் பண்ணியாச்சு மாமி. அவரைப் பிடிச்சிருக்கா உங்களுக்கு?

— பிடிச்சிருக்குப் பிள்ளை. இந்த வயசில வெக்கமில்லாமல்தான் சொல்லுறன். அந்த மனுசனை எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு.

— ஒரு நிமிஷம்... அந்த டிஷ்யூவை எடுங்க. நீங்க இங்க இருக்க மாட்டீங்கன்னு அழுகை வருது. உங்களை நினைச்சா சிரிப்பும் வருது. என்னன்னே புரியல எனக்கு.

— இஞ்ச வாரும். கிட்ட வாரும்.

— மீன் கையோட கட்டிக்காதீங்க மாமி... சரி, பரவால்ல, கட்டிக்குங்க.

— நல்ல பிள்ளை நீர்.

— சரி, இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. சயந்தன் கிட்ட இதை நீங்க சொல்லவே வேண்டாம். அவர் அப்பா செல்லம், டக்குன்னு சொன்னா உடைஞ்சு போயிடுவார். பொங்கல் முடியட்டும். நான் பக்குவமா எடுத்துச் சொல்லி சம்மதிக்க வைக்கறேன். அதுவரைக்கும் ஊலாவுக்கு அவசரப்பட்டு வாக்கு எதுவும் குடுத்துடாதீங்க, என்ன?

— பிள்ளை, அது வந்து...

— கராஜ் கதவு சத்தம் கேக்குது. அவர் வந்துட்டார். முகத்தைத் துடைச்சுக்குங்க, எதையும் காட்டிக்காதீங்க.

— கொஞ்சம் இரும். ஓகஸ்டில ஓஃபிஸ் மீட்டிங் எண்டு சொல்லிப்போட்டு சயந்தன் நோர்வேக்கு வந்தவனெல்லே?

— ஆமா, ஆஸ்லோல மீட்டிங்னு போனார். அதுக்கென்ன இப்ப?

— மீட்டிங் ஒண்டும் இல்லை. எனக்கும் ஊலாவுக்கும் கலியாணப் பதிவு நடந்தது. சாட்சிக்கு நிண்டதே சயந்தன்தான். தாய் இல்லாத பிள்ளை, உமக்கு இதை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் அந்த நாளில இருந்து நானும் அவனும் பயந்துகொண்டு திரியிறம்.