மூன்றாவது விசில்

கினோவாவைக் கழுவாமல் குக்கரில் போடுகிறவர்கள்தான் அது கசக்கிறது என்று புகார் சொல்வார்கள். அந்தத் தானியத்தின் மேல் சோப்பு மாதிரி ஒரு பூச்சு உண்டு. வடிகட்டியில் கொட்டி, குழாயடியில் பிடித்து, நுரை நிற்கும்வரை கையால் அலச வேண்டும். பிறகு ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர், கொஞ்சம் உப்பு, நடுத்தரத் தீ, ஒரே ஒரு விசில். அடுப்பை அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கும்வரை மூடியில் கை வைக்கக் கூடாது. திறந்து முள்கரண்டியால் கிளறினால் பொலபொலவென்று உதிரும். ஒவ்வொரு மணியிலிருந்தும் வெள்ளையாக ஒரு சின்ன வால் எட்டிப் பார்க்கும். பருப்பை ஊற்றிப் பிசைந்தாலும் சரி, தாளித்த காய்கறியைப் போட்டுக் கிளறினாலும் சரி, சோறு இல்லாத குறையே தெரியாது. நீங்களும் செய்து பாருங்கள் மேடம். உங்களுக்கும் உட்கார்ந்த இடத்தில்தானே வேலை.

நீங்கள் கேட்டது என் மனைவியைப் பற்றி. அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பீங்கான் தட்டும் கோப்பையும் செய்கிற தொழிற்சாலையில் கடைசிச் சோதனை என்னுடையது. சூளையிலிருந்து ஆறி வருகிற ஒவ்வொன்றையும் சின்ன மரக்குச்சியால் தட்டிப் பார்ப்பேன். நல்லதாக இருந்தால் 'ணங்' என்று நின்று ஒலிக்கும். உள்ளே கீறல் இருந்தால் பொத்தென்று அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட என் காதுக்குத் தப்பாது. பழுது என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே தொட்டியில் போட்டு உடைத்துவிடுவேன். அப்படியே வைத்தால் எவனாவது எடுத்துக்கொண்டுபோய் நல்லதோடு கலந்துவிடுவான். புதிதாக வந்த பையன்கள் அந்தச் சத்தத்துக்கு முகம் சுளிப்பார்கள். எனக்கு ஒன்றும் தோன்றாது. என் காதை நம்பித்தான் முதலாளி சரக்கையே அனுப்புவார்.

என் மனைவிக்குச் சர்க்கரை ஏறியிருப்பதாக டாக்டர் சொன்னபோது, "அரிசியக் கொஞ்சம் கொறைச்சுக்குங்கம்மா" என்றுதான் சொன்னார். குறைத்துக்கொள்வது என்பது மனசில்லாதவர்கள் கண்டுபிடித்த வார்த்தை. அன்றைக்கே வீட்டிலிருந்த அரிசி முழுவதையும் பக்கத்து வீட்டுத் தையற்காரியிடம் கொடுத்துவிட்டுக் கினோவா வாங்கி வந்தேன்.

"என்னங்க இது, குருவிக்குப் போடுறதக் கொண்டாந்திருக்கீங்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் நன்றாகச் சிரிப்பாள். தையற்காரியும் வாசலில் நின்று, "குடுத்து வச்சவங்கக்கா நீங்க. எங்க வீட்டு ஆளு நான் தின்னேனா இல்லையான்னுகூடக் கேக்க மாட்டாரு" என்றாள். அதை அவளிடமும் விசாரித்துப் பாருங்கள். என் மனைவியை நான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன் என்பதில் அந்தத் தெருவில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

முதல் கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒருநாள் அவளுக்குப் பசி பொறுக்கவில்லை. ஆவி அடங்குவதற்கு முன்பே கரண்டிக் காம்பால் குக்கர் வெயிட்டைத் தூக்கிவிட்டாள். அது ஆபத்து என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆவி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளட்டும் என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து அதன் மேலே காட்டினேன். அவள் துள்ளினாள். நான் அவசரப்படாமல் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் விட்டேன். உள்ளங்கை முழுவதும் கொப்புளம் கிளம்பியது. மருந்து வாங்கி வந்து தடவியதும் நான்தான். கை ஆறுகிறவரைக்கும் நானே ஊட்டிவிட்டேன், கினோவாவைத்தான்.

வெளியூரில் வேலை பார்க்கிற மகள் போனில், "அப்பா, அம்மாவ நிம்மதியாச் சாப்பிட விடுங்கப்பா" என்றாள். அவளுக்கு வாய் நீளம். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று பிறகு அவள் அம்மாவிடம் கேட்டேன். இரண்டு தட்டுத் தட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது. தட்டினேன் என்றுதான் சொல்வேன், அடித்தேன் என்று சொல்ல மாட்டேன். அடிப்பது கோபத்தில் செய்வது. எனக்குக் கோபமே வராது என்று தொழிற்சாலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு சலவைத்தூள் டப்பாவில் அரிசி இருந்ததைக் கண்டுபிடித்தேன். தூளுக்கு அடியில், பையில் கட்டி வைத்திருந்தாள். டப்பாவை நகர்த்தும்போதே சத்தம் வேறு மாதிரி இருந்தது. தையற்காரியிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள், என் மானம் போகும்படி.

"ஆசையா இருந்துச்சுங்க. ஒரே ஒரு வேளைக்கு" என்றாள்.

"ஆசைதானே, சாப்பிடு" என்றேன். அவளை உட்கார வைத்து அந்த அரிசியை அப்படியே மெல்லச் சொன்னேன். ஒரு பிடி முடிந்ததும் அடுத்த பிடியை நானே வாயில் வைத்தேன். பற்கள் கூசின போலிருக்கிறது, ஈறில் ரத்தம் வந்தது, அரிசி சிவப்பானது. பாதியில் துப்பிவிட்டாள். அதுவும் என் சட்டை மேல். அப்போதுதான் செவிட்டில் ஒன்று கொடுத்தேன். எல்லார் வீட்டிலும் சொல்கிற பேச்சுதான் அது, உங்கள் ஸ்டேஷனிலும் சொல்வீர்கள். தலையைத் திருப்பிக்கொண்டாள், அதனால் அந்தப் பக்கமும் ஒன்று கொடுக்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து ஒரு புதுப் பழக்கம் பிடித்துக்கொண்டாள். என்ன சொன்னாலும் "என்ன?" என்பாள். தண்ணீர் கொண்டு வா என்றால் "என்ன?" கதவைச் சாத்து என்றால் "என்ன?" நான் சொல்வதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற துணிச்சல் வந்துவிட்டது என்று நினைத்தேன். "நடிக்காதே" என்று சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு "என்ன"வுக்கும் ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் கேட்பதை நிறுத்திவிட்டாள். என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள், நான் பேசி முடித்ததும் ஏதோ ஒன்றைச் செய்வாள். பாதி நேரம் தப்பாகச் செய்வாள். ஆனாலும் ஒரு மரியாதை வந்ததே என்று எனக்குத் திருப்தி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குக்கர் வைத்தால் நகரவே மாட்டாள். அடுப்புக்கு முன்னால் நின்று அந்த வெயிட்டையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அது துள்ளியதும் சட்டென்று அடுப்பை அணைப்பாள். சமையலில் இப்படி ஓர் அக்கறை அவளுக்கு முன்பு இருந்ததே இல்லை. பாடுபட்டது வீண் போகவில்லை என்று உண்மையிலேயே மகிழ்ந்தேன் மேடம்.

அந்த விடுமுறை நாள் காலையில் நான் கூடத்தில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தேன். அவள் வழக்கம்போல அடுப்பை முறைத்துக்கொண்டு நின்றாள். எழுந்து போய்த் தோளைத் தொட்டு, "இதையே பாத்துக்கிட்டு நின்னா காய யாரு கழுவுறது?" என்றேன். தொட்டியில் கிடந்த காய்கறியைக் கையால் காட்டினேன். அவள் அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு போய்க் குழாயைத் திறந்தாள். நான் திரும்பி வந்து மிச்சக் கன்னத்துக்கு நுரை தடவினேன்.

முதல் விசில் வந்தது. சரி, அணைப்பாள் என்று இருந்தேன். அணைக்கவில்லை. இரண்டாவது விசில் வந்தது. கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன். கினோவாவுக்கு ஒரு விசில் போதும் என்று எங்கள் வீட்டில் சுவருக்குக்கூடத் தெரியும். எங்கள் வீட்டில் மூன்று விசில் வாங்கியது அரிசி ஒன்றுதான். நான் மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். சந்தேகத்தின் பேரில் யாரையும் தண்டிக்கக் கூடாது அல்லவா. அது நீளமாக, ஊருக்கே கேட்கிற மாதிரி வந்தது.

சமையலறை வாசற்படியில் நின்று அவளைக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை, இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு நிதானமாக ஒரு முள்ளங்கியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டை வேறு முணுமுணுத்தாள். என் வீட்டில், எனக்குத் தெரிந்தே அரிசியைப் பொங்க வைத்துவிட்டு, நான் கூப்பிடுவதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒருத்தி பாடினால் நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்.

அடுப்பை அணைத்தேன். அதை முதலில் செய்தேன் என்று பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு குக்கரைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி அவள் பின்மண்டையில் போட்டேன். பழைய காலத்துக் கனமான குக்கர் அது. அவள் தொட்டியின் விளிம்பில் மோதிக் கீழே சரிந்து, என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது முகம். கையைத் தூக்கினாள். அந்தக் கையோடு சேர்த்து இரண்டாவது தடவை போட்டேன். மூன்றாவது தடவை சத்தம் பொத்தென்று அடங்கிவிட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அதற்குப் பிறகு போடவில்லை.

குழாயை மூடினேன். குக்கரை நேராக அடுப்பில் வைத்தேன். பக்கத்தில் நின்று ஆவி அடங்கும்வரை காத்திருந்தேன், அடங்காமல் திறப்பது ஆபத்து. அடங்கியதும் மூடியைத் திறந்தேன்.

கினோவாதான் இருந்தது. ஒவ்வொரு மணியிலும் வால் வந்திருந்தது. கொஞ்சம் குழைந்திருந்தது, அவ்வளவுதான். வீணாக்க எனக்கு மனம் வராது. ஒரு தட்டில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன்.

நேற்று நீங்கள் ஒரு விஷயம் சொன்னீர்கள். அவள் உடலைப் பரிசோதித்த டாக்டர் இரண்டு காதுச் சவ்வும் கிழிந்து நாளாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாராம். காதுக்கு ஒரு மெஷின் வாங்கி அனுப்பச் சொல்லி மகளிடம் வாய்ஸ் மெசேஜில் ரகசியமாகக் கேட்டிருக்கிறாளாம். "அப்பாவுக்குத் தெரிய வேணாம்டி. கேக்கலன்னு சொன்னா நடிக்கிறேன்னுவாரு" என்றும் சொல்லியிருக்கிறாளாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தவள் என்னை இவ்வளவுதானா புரிந்துகொண்டாள்?

கொன்றது நான்தான். அதில் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. ஆனால் அவள்மேல் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது மேடம். காது கேட்கவில்லை என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பக்கத்தில் நின்று விசிலை நானே எண்ணிச் சொல்லியிருப்பேன்.