பதினோரு வெட்டு வாங்கின கதவு

ஏனுங்க, அங்கயே நின்னுட்டீங்க? உள்ள வாங்க. கதவுல இருக்கறது கரையான் இல்லீங்க, கோடாலி வெட்டு. பதினொண்ணு. அசல் தேக்குங்க, அத்தன வெட்டு வாங்கியும் ஒடையல. எடப்பாடில தறி ஓட்டறேன்னு சொன்னீங்கல்ல, இந்த ஆசாரக் கூடத்துலயே எட்டுத் தறி நிக்கும், பாருங்க.

வெட்டுனது ஆருன்னா? என்ற தம்பி குணசீலந்தான். இந்த ஊட்ட வித்துப்போட்டு சேலத்துல அப்பார்ட்மெண்ட் வாங்கோணும் அவனுக்கு. அப்பன் போனப்பறம் ஊடு ரெண்டு பேருக்கும் பாதிங்க, என்ற கையெழுத்து இல்லாம விக்க முடியாது. போட மாட்டேன்னுட்டேன். கட்டுனவன் அடிக்கறான்னு தாலியக் கழட்டி அவன் மூஞ்சில எறிஞ்சுட்டு வந்தவளுக்கு வேற எங்கீங்க கூரை?

இங்க வந்தா, தம்பி அஞ்சு வருசம் அடிச்சானுங்க. சோத்துச் சட்டிய எட்டி ஒதைப்பான். என்ற கறவ மாட்டு வாலை அறுத்து உட்டான், அது கத்துன கத்து இன்னும் காதுல இருக்குது. முடியப் புடிச்சு அந்தத் தூணுலயே மோதுனான். இந்த ரெண்டு பல்லும் கட்டுனதுங்க. அவம் பொண்டாட்டி யாழினி, பாவம், குறுக்க வந்து அவளும் வாங்கிக் கட்டிக்கிட்டு, பள்ளிபாளையத்துல அவங்கம்மா ஊட்டுக்கே போயிட்டா.

அந்தப் பாவிதாங்க, அவங் கல்யாணத்துல என்னய எணச்சீருக்கு நிக்க வெச்சான். கூறைச்சேலையில ஒரு தலைப்பு அவங் கக்கத்துல, மறு தலைப்பு எங் கையில. பொறந்தவளக் கைவிட மாட்டேன்னு அத்தன சனத்துக்கு முன்னால செய்யற சீருங்க அது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு அன்னிக்கு. த்தூ.

போன ஆடிப் பதினெட்டுக்கு, பட்டப்பகல்ல, கோடாலியோட வந்தான். நான் உள்ள தாப்பாப் போட்டுக்கிட்டேன். வெட்டறான், வெட்டறான், செதில் பறக்குது. கையெழுத்துப் போடுறீ, இல்லீனா நறுக்கிப்போடுவேங்கறான்.

என்னுங்க? ஊட்டுல துர்மரணம் ஏதாச்சுமா? வாங்க வர்றவங்க எல்லாருந்தான் கேக்கறாங்க, கேக்கோணுமுங்க. சாவு நடக்கல. சத்தியமா நடக்கல.

அந்தக் கடைசி ரூம்புலயா? அது கட்டில் சத்தம். தம்பிதான் கெடக்கறான். கெணத்து மேட்டுல வழுக்கி உழுந்துட்டான்னு ஊரே சொல்லும். ஆசுபத்திரிலயும் நான் அப்படித்தாஞ் சொன்னேன். மண்டையில அடிங்க. வலப்பக்கம் பூரா உழுந்துருச்சு, பேச்சும் போயிருச்சு. பத்து மாசமா நாந்தான் சோறு பெசஞ்சு ஊட்டறேன், பீ மூத்திரம் அள்ளறேன். கோயமுத்தூர்ல ஆப்பரேசன் பண்ணுனா எந்திரிச்சு உக்காருவானாமா. அதுக்குத்தானுங்க இப்ப நானே விக்கறேன்.

அவங் கையெழுத்தா? கைநாட்டுத்தான். ரிஜிஸ்தர் ஆபீஸ்காரங்க ஊட்டுக்கே வருவாங்க. எடது பெருவெரலப் புடிச்சு மையில ஒத்தறது நாந்தான். நாந் தொட்டா மட்டும் கை நடுங்கும், நீங்க பயந்துக்காதீங்க.

அன்னிக்கு அவன் எப்படி உள்ள வந்தானா? அட, கதவு ஒடையலேன்னு அப்பவே சொன்னேனில்லீங்க? அவன் மூச்சு வாங்க நின்னான். நாந்தான் தாப்பாளத் தொறந்தேன்.

கட்டிலு, பீரோ, அண்டா குண்டா எல்லாம் நீங்களே வெச்சுக்கங்க. அந்த மூலையில நிக்கற ஒலக்கைய மட்டும் நான் எடுத்துக்கறேன். நாளைக்கு அவன் எந்திரிச்சுட்டான்னா எனக்கு வேணுமில்லீங்க?