ஐம்பதில் மட்டும் கேட்கும் சத்தம்

அந்த நாற்காலியில் உட்காரும் முன் கொஞ்சம் பொறுங்கள் ஐயா, துடைத்துவிடுகிறேன். குளிர்காலம் முழுக்க இந்த அடுப்படிதான் எனக்குப் பட்டறையாக இருந்தது. கறை எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று எனக்கே தெரியாது. காப்பி ஆறுவதற்குள் குடியுங்கள்.

என் தம்பி ஓக்னியானை ஆஸ்பத்திரியில் சேர்க்க ஏன் அவ்வளவு நேரமாயிற்று என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எஞ்சினிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கார் வாங்க அரசாங்கத்தில் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் காத்திருந்தோம். வண்டி வந்து சேர்ந்தபோது அம்மா உயிரோடு இல்லை. அப்பாவுக்கும் நெஞ்சு நோய் வந்துவிட்டது. அவரைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். தம்பியைப் படிக்க ப்லோவ்திவ் நகரத்துக்கு அனுப்பினார். அப்பா போன பிறகு நான் கூட்டுப் பண்ணையின் டிராக்டர் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் டீசலில் உதிரிபாகம் கழுவினேன், பிறகு பிரிக்கவும் கோர்க்கவும் விட்டார்கள். கார் தம்பி பெயரில் எழுதியிருந்தது. ஆண்பிள்ளை, அதனால். அதைத் துடைத்தது, எண்ணெய் மாற்றியது, பனியில் கம்பளி போர்த்தியது எல்லாம் நான்.

போன கோடையில் அவன் நண்பர்களோடு கடலுக்குப் போனான். திரும்பி வரும்போது கார் தானாக வரவில்லை. மரம் ஏற்றுகிற ஸ்தோயிலின் லாரிக்குப் பின்னால் கயிற்றில் கட்டுண்டு வந்தது. ஸ்தோயில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர், உங்களுக்குத்தான் தெரியுமே.

"இந்தா நேதா, உங்க வீட்டுப் பொணத்தக் கொண்டாந்துட்டேன். அழுறதுக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டபடி இறங்கினார்.

நான் கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். எண்ணெய் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கின் மேல் புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"இதை ஏன்டா ஒட்டின?"

"கண்ணைக் குத்திக்கிட்டே இருந்துச்சுக்கா. ராத்திரி பூரா முழிச்சுப் பார்த்துக்கிட்டே வருது, மாமியார் மாதிரி."

ஸ்தோயில் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் எண்ணெயை வடித்தேன். வந்தது கொஞ்சம்தான். வெயிலில் தட்டைச் சாய்த்துப் பார்த்தால் அதற்குள் பொடிப்பொடியாக மினுங்கியது. பேரிங் உருகி அரைபட்டால் எண்ணெய் அப்படித்தான் மினுங்கும், பார்க்க அழகாகக்கூட இருக்கும். எஞ்சினின் முதுகெலும்பான கிராங்குத் தண்டைத் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. பிரித்தபோது மூன்றாவது பிஸ்டனின் தண்டு சூட்டில் கத்தரிப்பூ நிறமாகிவிட்டிருந்தது. சிலிண்டர் சுவரில் பூனை பிராண்டியதுபோல் கீறல். எங்கே ஆரம்பித்தது, எந்த மேட்டில் முற்றியது, அதற்குப் பிறகும் அவன் எவ்வளவு தூரம் மிதித்துக்கொண்டு வந்தான் என்பதையெல்லாம் இரும்பு சொல்லிவிட்டது. எச்சரிக்கை கேட்ட பிறகும் வெகுதூரம் மிதித்திருக்கிறான்.

குளிர்காலம் முழுக்க அதைச் சரி செய்தேன். கிராங்கைப் பட்டணத்தில் கடைந்து வாங்கிவந்தேன். படுக்கப் போட்டால் வளைந்துவிடும் என்பார்கள், அதனால் என் படுக்கையறை மூலையில் நிற்க வைத்தேன். இருட்டில் கண் விழித்தால் ஒரு ஆள் நிற்பதுபோல் இருக்கும். பயமாக இருக்காது. பிஸ்டன்களை அடுப்பில் ரொட்டி வைக்கிற தட்டில் சூடாக்கி, தண்டோடு இணைக்கிற முளையைக் கோர்த்தேன். வால்வுகளை உள்ளங்கைகளுக்கு நடுவே கோல் வைத்து, மோர் கடைவதுபோல் கடைந்து கடைந்து உட்கார வைத்தேன்.

ஓக்னியான் சனி ஞாயிறுகளில் சாப்பிட வருவான். "ஊரே கேட்டுக்குங்க, எங்க அக்காவுக்கு மாப்பிள்ளை கெடச்சாச்சு! இரும்பு மாப்பிள்ளை. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், எண்ணெய் மட்டும் கேப்பான்" என்பான். பீன்ஸ் சூப்பைக் குடித்துவிட்டுச் சிகரெட் சாம்பலை ஒரு பிஸ்டனுக்குள் தட்டுவான். புது பிஸ்டன். அவன் போன பிறகு அதைக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவுவேன்.

மார்ச் மாதம் எஞ்சின் உயிர் பெற்றது. முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அன்றைக்கு, வசந்தம் பிறக்கிறது என்று எல்லார் மணிக்கட்டிலும் சிவப்பு வெள்ளை நூல் கட்டுகிற நாள். தம்பிக்கு ஒன்று கட்டினேன், காரின் கண்ணாடியில் ஒன்று கட்டினேன். புதிதாகக் கோர்த்த எஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டக் கூடாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நம் ஊரில் பச்சைப் பிள்ளைக்குப் பத்தியம் பார்க்காதவர்கள்கூட எஞ்சினுக்குப் பார்ப்பார்கள். மணிக்கு ஐம்பதைத் தாண்டக் கூடாது, மேடேறினால் நிறுத்தி ஆற விட வேண்டும். பின் கண்ணாடியில் எழுதியும் ஒட்டினேன், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்காமல் இருப்பார்கள் என்று.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வந்து சொன்னான்.

"அக்கா, கோவிச்சுக்காத. காருக்கு ஆள் பார்த்துட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிட்டுப் போறான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் அவனுக்கு எச்சில் ஊறிடுச்சு."

"சரி" என்றேன்.

"சரின்னா நெஜமாவே சரியா? மூஞ்சி அப்படி இல்லையே."

"பத்திரத்துல உன் பேருதானே இருக்கு."

அவன் என் தோளில் தட்டினான். அவன் கெட்டவன் இல்லை ஐயா. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை அவன் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பீச் மரக்கட்டை அறுத்துக்கொண்டிருந்தான். மோட்டார் ரம்பம் துள்ளி அவன் தொடைக்குள் இறங்கிவிட்டது. நான்தான் முதலில் ஓடினேன். பெல்ட்டைக் கழற்றிக் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். அந்தக் கட்டுக்கு டாக்டர்களே குறை சொல்லவில்லை. ஆனால் வெட்டு ஆழம், ரத்தம் முழுதாக நிற்கவில்லை.

ஸ்தோயில் உங்களிடம் சொன்னது உண்மைதான். அவர் வேலியைத் தாண்டிக் குதித்து வந்தார். "லாரி காலியாத்தான் நிக்குது, தூக்கு, பறந்துடுறேன்" என்றார். "லாரி குலுக்கும், காலு தாங்காது. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். நான் சொன்னதும் தப்பில்லை. லாரி குலுக்கத்தான் செய்யும். பின் சீட்டில் பிளாஸ்டிக் விரித்துவிட்டு அவனைப் படுக்க வைத்தோம்.

முதலில் அவன் வேடிக்கையாகத்தான் பேசினான். "அக்கா, கழுதை வண்டிக்காரன் முந்துறான் பாரு. கையக் காட்டு, நம்மளையும் கட்டி இழுத்துக்கிட்டுப் போகட்டும்."

"ஐம்பதுதான்டா."

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மிதிக்கா."

"எஞ்சின் இன்னும் பழகல."

அதற்குப் பிறகு கொஞ்ச தூரம் போனோம். கண்ணாடியில் பார்த்தேன், முகம் மாவுபோல் இருந்தது. மோதிரம் போட்ட விரலால் ஜன்னல் கண்ணாடியைத் தட்டத் தொடங்கினான். வேகமாக இல்லை. கதவைத் திறக்கச் சொல்லி ஒருவர் தட்டுவதுபோல்.

கணவாய் மேட்டில் ஒரு நீரூற்று இருக்கிறது, செத்துப்போன மகன் பெயரைக் கல்லில் வெட்டி யாரோ கட்டியது. போகிற வருகிறவர்கள் நின்று அந்தப் பையன் ஆத்மாவுக்காக ஒரு வாய் குடித்துவிட்டுப் போவார்கள். நான் அங்கே நிறுத்தினேன். மூடியைத் திறந்து எஞ்சினை ஆற விட்டேன். தம்பிக்குக் கையில் தண்ணீர் ஏந்திக் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை, என்னையே பார்த்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

"வண்டிய நான் விக்கப் போறதில்லக்கா" என்றான். "ஆளு வந்தா நான் பேசி அனுப்பிடுறேன். வண்டி உனக்குத்தான். உன் பேர்லயே எழுதித் தர்றேன். போ."

"பேசாம இரு. பேசினா ரத்தம் போகும்" என்றேன்.

எண்ணெய் அளவைப் பார்த்தேன். சரியாக இருந்தது. எஞ்சின் கை வைக்கிற சூட்டுக்கு வந்த பிறகு கிளம்பினேன். இறக்கத்தில் எங்கேயோ தட்டுவது நின்றது. எந்த வளைவில் என்று சொல்லத் தெரியவில்லை. தூங்குகிறான் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது தப்பா?

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் வந்து, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்துவிட்டு, என் கைகளைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். என் கையில் ரத்தத்துக்கு அடியில் கிரீஸ் இருந்தது. நாற்பதாம் நாளுக்குக் கோதுமை வேக வைத்து ஊருக்கே கொடுத்தேன். வாசல் கேட்டில் அவன் படத்தோடு ஒட்டிய இரங்கல் தாளை மழை கிழித்துவிட்டது, வேறு அடித்து ஒட்டினேன். அக்கா செய்ய வேண்டியதில் ஒன்றுகூடக் குறை வைக்கவில்லை.

ஒரு விஷயத்தைத்தான் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நீங்கள் படித்தவர், கேட்டுப் பாருங்கள். வண்டியில் ஒரு சத்தம் வருகிறது. கண்ணாடியில் மோதிரம் படுவதுபோல் மெல்லிய சத்தம். நீளத் திருப்புளியின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துப் பார்த்தேன். வால்வு இல்லை. பேரிங்கும் இல்லை. இரண்டு தடவை முழுதாக இறக்கிப் பிரித்தேன். பாகங்களில் ஒரு கீறல்கூட இல்லை. பின் கதவின் கண்ணாடியையே கழற்றிவிட்டு ஓட்டினேன், அப்போதும் வந்தது. கதவை யாராவது திறக்க வேண்டும் என்பதுபோல், அவசரமில்லாமல் வருகிறது.

ஐம்பதில் போனால் மட்டும்தான் அது கேட்கிறது. வேகம் கூடினால் நின்றுவிடும், தொண்ணூறில் சுத்தமாக இருக்காது. அது எப்படித் தெரியும் என்றா கேட்கிறீர்கள்? அன்றைக்குத் திரும்பி வரும்போதே தெரிந்துகொண்டேன். பின் சீட்டு காலி. மலைக்கு மேல் மேகம் கறுத்திருந்தது, வீட்டில் காலையில் துவைத்த துணியெல்லாம் கொடியில் கிடந்தது. தொண்ணூறில் வந்தேன். நீரூற்றுப் பக்கம் நிறுத்தவில்லை. எஞ்சின் திணறவில்லை, சூடேறவில்லை, ஒரு சொட்டு எண்ணெய் குடிக்கவில்லை. போகும்போதும் அப்படியே தாங்கியிருக்கும். அன்று காலை அவனை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பும்போதே அது எனக்குத் தெரியும் ஐயா. கோர்த்தது நான்தானே.