வியாழக்கிழமைப் பிடிப்பு

செல்லக்கண்ணு: பொய் சொல்லாதீங்க. தில்லைநகர் பிசியோதெரபிக்குப் போயிட்டுத்தான் வரேன்னு இன்னொரு வாட்டி சொன்னீங்க, இந்தத் தைலப் பாட்டிலை ஜன்னல் வழியா வீசிடுவேன்.

தர்மராஜ்: கத்தாத. கீழ் வீடு வரைக்கும் கேக்கும்.

செல்லக்கண்ணு: கீழ் வீட்டுக்காரி இங்கதான் உக்காந்திருக்கா. அவ பாத்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

மணிமேகலை: நான் கோள் மூட்ட வரலைண்ணே. வாழைத்தண்டு வாங்கலாம்னு சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். பாத்தா நீங்க துவாக்குடி பஸ்ஸுல ஜன்னலோரமா... மடியில பொட்டலம் வேற.

தர்மராஜ்: வாழைத்தண்டு ஸ்ரீரங்கத்துலயே கிடைக்கும்.

மணிமேகலை: கிடைக்கும்... ஆனா இங்க வாங்கினா நீங்க கண்ணுல பட மாட்டீங்களே.

செல்லக்கண்ணு: அந்த பிசியோதெரபி பொண்ணு பானுப்ரியா போன் பண்ணுச்சுங்க. வாரம் பூரா அங்கிள் வரவே இல்லையே, காலு எப்படி இருக்குன்னு விசாரிக்குது. தினமும் துண்டை மடிச்சு எடுத்துக்கிட்டுக் கிளம்பினாரேம்மான்னு நான் அசடு வழியறேன்.

தர்மராஜ்: குப்புறப் படுக்க வெச்சு கரண்ட் வைக்கிறாங்க. அப்புறம் மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்குன்னுது அந்தப் பொண்ணு. அதை வீட்லயே தூக்கினா ஆகாதா?

செல்லக்கண்ணு: வீட்ல எங்க தூக்கினீங்க? அம்மாமண்டபம் ரோட்டுல இடது கால் செருப்பு கழண்டு விழுந்து கிடக்கு, அது தெரியாம வீடு வரைக்கும் நடந்து வந்த ஆளு நீங்க. டாக்டர் சொன்னது மறந்து போச்சா? ஒழுங்கா பயிற்சி பண்ணினா தப்பிக்கலாம், இன்னும் மரத்துப் போச்சுன்னா ஆபரேஷன்தான், அதையும் தள்ளிப் போட்டா காலு இழுத்துக்கும்னு முகத்துக்கு நேரா சொன்னாரு.

மணிமேகலை: என்னதான்க்கா ஆச்சு அந்த எலும்புல?

செல்லக்கண்ணு: எலும்பு இல்ல. ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கற தட்டு. ஸ்கேன்ல தெரியுது, பிதுங்கிக்கிட்டு நரம்பை அமுக்குதாம்.

தர்மராஜ்: உனக்குப் புரியற மாதிரி சொல்றேன் மணி. அது பாட்டுக்கு அதோட வீட்ல இருக்காம வெளியே எட்டிப் பாக்குது. அதனால பக்கத்துல இருக்கறவங்களுக்கெல்லாம் தொந்தரவு.

மணிமேகலை: நக்கல்... முப்பது வருஷம் பஸ் ஓட்டின இடுப்பு போனாலும் அந்த வாய் போகலை பாருங்க.

செல்லக்கண்ணு: பேச்சை மாத்தாதீங்க. துவாக்குடிக்கு எதுக்குப் போனீங்க?

தர்மராஜ்: ...சும்மா. பழைய டிரைவருங்களைப் பாக்கலாம்னு.

மணிமேகலை: பழைய டிரைவரு எங்க, ஆபிதா எங்க. துவாக்குடியில நமக்குத் தெரிஞ்ச வீடு அது ஒண்ணுதான். அவ பொண்ணு ரிஃபானா சார்ஜாவுலேர்ந்து லீவுக்கு வந்திருக்கா, தெரியுமில்லக்கா? வெள்ளிக்கிழமை திரும்பிப் போற பிளைட்டு.

செல்லக்கண்ணு: ரிஃபானாகிட்டயா... ஐயோ, மிதிக்கச் சொன்னீங்களா? யாரும் மேல ஏறி மிதிக்கக் கூடாது, நாட்டு வைத்தியம்னு எவன்கிட்டயும் முதுகைக் காட்டக் கூடாதுன்னு டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரே. மிதிச்சுச்சா? சொல்லுங்க.

மணிமேகலை: இருங்கக்கா, தண்ணி குடிங்க. அண்ணனுக்குப் பழைய ஞாபகம் வந்துடுச்சு. நாம எல்லாரும் குடியிருந்த பாலக்கரை காம்பவுண்டை மறக்க முடியுமா? காலால பொறந்த புள்ள மிதிச்சா இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும்னு விடியக்காலையில ஆபிதா வாசல்ல என்னா கூட்டம். ஜீயபுரத்துலேர்ந்து வாழைத்தாரைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. கோணிக்கிட்டு வந்தவங்க நிமிர்ந்து போவாங்க.

செல்லக்கண்ணு: அது தூக்கக் கலக்கத்துலயே எழுந்து வரும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு... ஒரு கையில கொய்யாப்பழம் இருக்கும்.

மணிமேகலை: மூணு மிதி. மிதிச்சதும் பெரிய மனுஷி மாதிரி சொல்லும். எந்திரிங்க, திரும்பிப் பாக்காம போங்க, பாத்தா வலி பின்னாலயே வந்துடும்னு. அழகிரி வாத்தியார் திரும்பிப் பாத்துட்டாருன்னு மறுபடி படுக்க வெச்சுதே.

தர்மராஜ்: அந்தாளு வேணும்னுதான் திரும்பினாரு.

மணிமேகலை: ஊரெல்லாம் அது வாசலுக்குப் போகும். உங்க வீட்டுக்கு மட்டும் அதுவே வரும். அண்ணனுக்கு வார ஆஃப் வியாழக்கிழமை. சரியா வியாழக்கிழமை காலையில அண்ணனுக்கு இடுப்பு பிடிக்கும். ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் பிடிக்கும். புருஷன் பொண்டாட்டிக்கு முறை வெச்சு இடுப்பு பிடிச்சதை நான் உங்க வீட்லதான்க்கா பாத்தேன்.

செல்லக்கண்ணு: ...அப்பல்லாம் தண்ணிக்குடம் தூக்குவேன். பிடிக்காதா?

மணிமேகலை: குழாய் உங்க வாசல்லயே இருந்துச்சு.

செல்லக்கண்ணு: நீ சும்மா இரு. மிதிச்சுச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க.

தர்மராஜ்: மிதிக்கலை.

செல்லக்கண்ணு: நிஜமா?

தர்மராஜ்: நிஜமா. ஸ்கேன் எங்கன்னு கேட்டுச்சு. வீட்ல இருக்குன்னேன். திட்ட ஆரம்பிச்சுது பாரு... ஒரு பஸ்ஸை இப்படித்தான் வெச்சு ஓட்டினீங்களா மாமா, ரிப்பேருன்னா டெப்போவுக்குப் போகாம ரோட்டுலயே சுத்துவீங்களான்னு கேக்குது.

மணிமேகலை: நல்லாக் கேட்டா.

தர்மராஜ்: நாளையிலேர்ந்து தில்லைநகர் போறேன்னு அது பொண்ணு தலையில கைய வெச்சு சத்தியம் வாங்கிடுச்சு. தினமும் வீடியோவுல இடுப்பைத் தூக்கிக் காட்டணுமாம்.

செல்லக்கண்ணு: கண்ணு... அது நல்லா இருக்கட்டும். நாளைக்கு நானும் கூட வரேன். துண்டை நான்தான் எடுத்துக்குவேன்.

மணிமேகலை: ஒரு விஷயம் சொல்றேன், யாரும் கோவிச்சுக்கக் கூடாது. அது மிதிச்சிருந்தாலும் வலி விட்டிருக்காது. ரிஃபானா காலால பொறக்கவே இல்லையாம். அதோட நிக்காஹ் அன்னிக்கு ஆபிதாவே என் காதுல சொன்னா. நானும் இத்தனை வருஷம் வெளியே விடாம அடக்கி வெச்சிருந்தேன்.

செல்லக்கண்ணு: நீ... அடக்கி வெச்சிருந்த?

மணிமேகலை: சத்தியமா. அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சு போகுமேன்னுதான்.

தர்மராஜ்: எனக்குத் தெரியும்.

மணிமேகலை: எப்போ தெரியும்?

தர்மராஜ்: அது பொறந்த நிமிஷத்துலேர்ந்து தெரியும்.

செல்லக்கண்ணு: என்ன உளர்றீங்க?

தர்மராஜ்: என் வண்டியிலதானே பொறந்துச்சு. பிரசவத்துக்குத் துவாக்குடியில அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஆபிதாவும் அவ அம்மாவும் பெரியாஸ்பத்திரிக்குன்னு ஏறினாங்க. வலின்னதும் எந்த ஸ்டாப்புலயும் நிறுத்தாம விரட்டிக்கிட்டு வரேன். காட்டூர் தாண்டினதும் பின்னாடியிருந்து ஒரு பூக்காரம்மா சத்தம் போடுது. தலை தெரியுது தம்பி, வண்டியை ஓரங்கட்டுன்னு. தலைன்னுதான் சொல்லுச்சு. இன்னைக்கும் காதுல இருக்கு.

மணிமேகலை: அப்போ... காலால பொறந்துச்சுன்னு யாரு கிளப்பி விட்டது?

தர்மராஜ்: நீதான்.

மணிமேகலை: நானா?

தர்மராஜ்: ஆபிதா அம்மா வந்து குழாயடியில சொன்னாங்க. பஸ்ஸுல கால் வெச்ச நேரம், பொறந்துருச்சும்மான்னு. நீ குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு பாதி காதுல கேட்ட. சாயங்காலத்துக்குள்ள காம்பவுண்டு பூரா, பஸ்ஸுலயே புள்ள கால் வெச்சுப் பொறந்துருச்சுன்னு ஆயிடுச்சு. அதுக்கு நடக்க வந்ததுமே முதல் ஆளா பக்கத்து வீட்டு மருதை வந்து குப்புறப் படுத்தான்.

மணிமேகலை: அட... தண்ணி சத்தம்ணே அது.

செல்லக்கண்ணு: ஆபிதாவாவது இல்லைன்னு சொல்லியிருக்கலாமே.

தர்மராஜ்: அவ வீட்டுக்காரரு குவைத்துல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு வாட்டி தலையைக் காட்டுவாரு. வெறிச்சுன்னு கிடந்த வாசல்ல நாலு பேரு வந்து சிரிச்சுப் பேசிட்டுப் போனாங்க. அவளும் பேசாம விட்டுட்டா.

செல்லக்கண்ணு: எல்லாம் சரி. பொய்யின்னு தெரிஞ்சும் வியாழக்கிழமை தவறாம நீங்க எதுக்குங்க படுத்தீங்க? வலி போச்சா?

தர்மராஜ்: இருந்தாத்தானே போறதுக்கு.

செல்லக்கண்ணு: என்னது?

தர்மராஜ்: அப்போ எனக்கு வயசு முப்பத்திரண்டு. கல்லு மாதிரி இடுப்பு. வலியே கிடையாது.

செல்லக்கண்ணு: அடப்பாவி... உப்பை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் குடுத்தேனே. கை கொப்பளிச்சுப் போச்சே எனக்கு.

தர்மராஜ்: அது சுட்டுதான் உண்மையிலேயே முதுகு புண்ணாச்சு.

மணிமேகலை: எதுக்குண்ணே இந்த நாடகம்?

தர்மராஜ்: வேற என்ன சொல்லி அதைக் கூப்பிடறது? நம்ம வீட்ல விளையாடறதுக்குக் கூட ஒரு புள்ள கிடையாது. பிடிச்சிருக்குன்னா ஓடி வரும். முதுகு மேல நின்னுக்கிட்டு ஸ்கூல் கதை பூரா சொல்லும்... இப்ப நிஜமாவே வலி வந்திருக்கு. இந்த வாரம் தினமும் சத்திரம் வரைக்கும் போனேன். துவாக்குடி பஸ்ஸு நிக்கற இடத்துல உக்காந்துட்டு திரும்பிட்டேன். கல்யாணமான பொண்ணு வீட்டுக்கு என்னன்னு சொல்லிப் போறது? இன்னைக்குத்தான் துணிஞ்சு ஏறினேன்.

செல்லக்கண்ணு: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானும் வந்திருப்பேனே.

தர்மராஜ்: நீ அழுவ. ஆபிதாவையும் கூட்டிக்கிட்டுப் போறாங்க. வீட்டைக் காலி பண்ணியாச்சு. பாத்திரமெல்லாம் அட்டைப் பெட்டியில இருக்கு. இனிமே துவாக்குடியில நமக்கு யாரும் இல்ல.

செல்லக்கண்ணு: ...பொட்டலத்துல என்ன கொண்டு போனீங்க?

தர்மராஜ்: கொய்யாப்பழம்.

மணிமேகலை: ம்ம்.

தர்மராஜ்: கிளம்பும்போது அதுவே பாயை விரிச்சுது. படுங்க மாமான்னு சொல்லி, கட்டைவிரலை மட்டும் பொட்டு வைக்கிற மாதிரி முதுகுல வெச்சு எடுத்துச்சு. எந்திரிங்க, திரும்பிப் பாக்காம போங்கன்னுது.

செல்லக்கண்ணு: பாத்தீங்களா?

தர்மராஜ்: ...பாத்தேன்.

செல்லக்கண்ணு: அப்புறம் எப்படி வலி விடும் உங்களை.

மணிமேகலை: காம்பவுண்டே காலிக்கா. அழகிரி வாத்தியார் ரிட்டயர் ஆனதும் உப்பிலியபுரத்துக்கே போயிட்டாரு. பீமராவ் சார் பொண்ணைக் கட்டிக் குடுத்த வீட்டோட ஓசூர் போயிட்டாரு. மருதை மகன் காதல் கல்யாணம் பண்ணிக்கிட்டு கோயம்புத்தூர். ரிஃபானாவை ஹாலித் கட்டிக்கிட்டுப் போனான், இப்ப ஆபிதாவும் கிளம்பியாச்சு. நீங்க காவேரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் வந்தீங்க.

தர்மராஜ்: பின்னாலயே நீ வந்த.

மணிமேகலை: நான் வராம உங்களை யாரு பாத்துக்கறது? ஆனாலும் அண்ணே, பாவம் அக்கா. வெள்ளந்தி மனுஷி. வலிக்காத இடுப்புக்கு வருஷக்கணக்கா உப்பு வறுக்க விட்டுட்டீங்களே. அவங்களுக்காவது அன்னைக்கு நிஜமாவே வலிச்சிருக்கும்.

தர்மராஜ்: தப்புதான் செல்லம். கோவமா?

செல்லக்கண்ணு: கோவம் என்ன... வெள்ளிக்கிழமை என்னை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க, போதும். குழாய் நம்ம வாசல்லயேதானே இருந்துச்சு... ஞாயித்துக்கிழமை எனக்கு மட்டும் இடுப்பு வலிச்சுதுன்னா நினைச்சீங்க?