நாலு தட்டு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்த வேண்டாம்... இது ராத்திரியில் சொல்கிற கதைதான், ஆனால் நடந்தது பட்டப்பகலில்.

மதியம் மூன்று மணி. வெயிலுக்குப் பயந்து தெருவே கதவைச் சாத்திக்கொண்ட நேரம். ஒரு நாய்கூட இல்லை. அந்தத் தெருவில் ஒரே ஒருவர் நடந்து போனார். என் நண்பனின் சித்தப்பா. கையில் ஒரு பழைய துண்டு. துண்டுக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். செத்த டிஸ்க்கைக்கூடப் பேச வைப்பார் என்பதால் வட்டு வைத்தியர் என்று பெயர். வருகிறவர்களையெல்லாம் திட்டுவார்: "நகல் எடுத்து வெச்சீங்களா? இல்லையா? அப்புறம் எதுக்கு எங்கிட்ட வந்து அழறீங்க?"

அன்று கையில் இருந்தது அவருடைய சொந்த டிஸ்க். நகல் இல்லை.

அதில் சித்தியின் குரல் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் புது மைக்கைச் சோதிக்கப் பதிவு செய்தது, ஒரே ஒரு நிமிடம். "ஹலோ... ஹலோ... என்னங்க, இது கேக்குதா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அவ்வளவுதான். பிறகு வாதம் வந்து அவள் பேச்சு போனது. ஒரு வருடம் இரும்புக் கட்டிலில் கிடந்தாள். கட்டில் கம்பியைக் கரண்டியால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு, புரட்டிப் படுக்க வை. மூன்று, விளக்கை அணை. அப்படி ஓர் ஒப்பந்தம்.

அவள் போய் எட்டு மாதம். சித்தப்பா அழவில்லை. மூன்றாம் நாளே கடையைத் திறந்தார், மரக்கட்டை மாதிரி வேலை செய்தார். குரலைக் கேட்கவும் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். அன்று என்னவோ தோன்றி, வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டார். கறுப்புத் திரை. வட்டு கிடைக்கவில்லை என்று வெள்ளையாக ஒரு வரி.

கடையில் கேபிளை மாற்றிப் பார்த்தார். மின்சார வயரை மாற்றினார். வேறு கம்ப்யூட்டரில் மாட்டினார். அதே வரி. பக்கத்துக் கடைத் தையல்கார அக்கா எட்டிப் பார்த்தாள்.

"யாரோடதுண்ணே?"

"என்னோடது."

"நகல் இருக்குல்ல?"

அவர் கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"ஊருக்குத்தான் உபதேசமா!" சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

கடையில் அவர் மட்டும். சூடான ஈய வாசனை. மின்விசிறி சத்தம் தொந்தரவாக இருந்ததால் அதை அணைத்தார். ஸ்க்ரூடிரைவர் முனையை டிஸ்க் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்தினார். உள்ளே மோட்டார் சுற்றுகிறதா என்று அவர் கேட்கும் விதம் அது. சுற்றியது. பிறகு...

டக். டக். டக். டக்.

நிறுத்தம்.

டக். டக். டக். டக்.

கெட்டுப்போன டிஸ்க் தட்டத்தான் செய்யும். நூறு டிஸ்க் கேட்ட காது அது. ஆனால் இது டிஸ்க் தட்டுகிற தட்டு இல்லை. கரண்டி.

அவள் போன மதியம் அவர் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்தார். மூன்று இரவுத் தூக்கம் பாக்கி. தட்டு கேட்டது. நாலு. ஒப்பந்தத்தில் நாலு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி நாலு. நிறுத்திவிடுவாள் என்று நினைத்தார். நிறுத்திவிட்டாள். எழுந்தபோது அவள் உடம்பு சில்லிட்டிருந்தது. "அசந்து தூங்கிட்டேன், ஒண்ணும் கேக்கலை" என்றார். பாவம், மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான் என்று எல்லோரும் தேற்றினார்கள்.

டக். டக். டக். டக்.

பயம்கூட வரவில்லையாம். மனசுக்குள்ளே ஒன்றுமே இல்லை என்றார்.

ஐந்தாவது முறை மாட்டியபோது டிஸ்க் திரையில் தெரிந்தது. உள்ளே மிஞ்சியது ஒரே ஒரு கோப்பு. குரல். முதலில் நகல், பிறகுதான் திறந்து பார்ப்பது... இருபது வருடத் தொழிலில் அவர் மீறாத விதி. சாகப்போகிற டிஸ்க் எத்தனை நிமிடம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. அன்று மீறினார். கை தானாகக் கோப்பைத் திறந்தது.

"ஹலோ... ஹலோ... என்னங்க, இது கேக்குதா?"

சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. கம்பியில் கரண்டி, நாலு தட்டு. பிறகு அவள் குரல், பக்கத்தில், சாதாரணமாக:

"நீங்க தூங்கலைன்னு எனக்குத் தெரியும்."

உள்ளே ஏதோ கீறிக்கொள்கிற சத்தம். மோட்டார் நின்றது. அதன்பின் அந்த டிஸ்க்கை யாராலும் எழுப்ப முடியவில்லை. குரல் போனது போனதுதான்.

இதெல்லாம் அவரே என் நண்பனிடம் சொன்னது. சொல்லும்போது குரல் தழுதழுக்கக்கூட இல்லை. சந்தைக்குப் போய் வந்த கதை மாதிரி சொன்னாராம். நண்பன் நம்பவில்லை. "துக்கத்துல மனசு என்னென்னவோ கேக்கும் சித்தப்பா" என்றான்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனான். மதியச் சாப்பாடு முடிந்து சித்தப்பா பாயில் படுத்தார், இவன் நாற்காலியில். பக்கத்தில் அந்தக் காலிக் கட்டில். டிஸ்க் மேஜை இழுப்பறையில், வயர் இல்லாமல்.

மூன்று பத்து இருக்கும்.

இழுப்பறைக்குள்... டக். டக். டக். டக்.

"சித்தப்பா... சித்தப்பா, கேக்குதா?"

சீரான மூச்சு. மறுபடி நாலு. நண்பன் குனிந்து பார்த்தான். சித்தப்பாவின் இமைகள் இறுக மூடியிருந்தன, ஆனால் துடித்துக்கொண்டிருந்தன.

மூன்றாவது முறை சத்தம் இழுப்பறையிலிருந்து வரவில்லை. கட்டில் கம்பியிலிருந்து வந்தது, அவர் தலைக்கு நேர் மேலே.

நண்பன் செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினான். அங்கிருந்து ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

சித்தப்பா மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கண்ணைத் திறக்கவில்லை.