கால் நீட்டாத வளைவு

சங்கிலிக்கு எண்ணெய் விடாமல் வண்டி ஓட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கழுவித் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். என் வண்டி உங்கள் ஸ்டேஷன் வாசலில்தான் நிற்கிறது, போய்ப் பாருங்கள். டேங்கில் பெயிண்ட் போயிருக்கும். ஆனால் ஒரே உதையில் உயிர் பிடிக்கும்.

என் மைத்துனன் இறந்ததை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அதில் ஒரு தப்பு இருக்கிறது ஐயா. யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருப்பது அதைத் திருத்தத்தான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள், கம்பி வடத்துக்கும் சுவருக்கும் நடுவில் என் பிழைப்பு. மேலே நிற்பவர்கள் பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்திவிட்டு இன்னும் முடியவில்லையா என்று கத்துவார்கள். அழுத்துகிற அழுத்தில் லிஃப்ட் பயந்து ஓடிவந்துவிடும் என்று நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்குப் புரியும்.

அணைக்கரைச் சாலையை நானாகத்தான் கண்டுபிடித்தேன். பெரிய சாலை வந்த பிறகு பஸ்ஸும் லாரியும் அதை மறந்துவிட்டன. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பாறை. வளைவுகள் ஒன்றையொன்று கையில் பிடித்துக் கொடுப்பது மாதிரி வரும். மூங்கில் புதர் தாண்டினால் காற்று சட்டென்று குளிரும், சட்டைக்குள் புகுந்து முதுகைத் தொடும். எதிரில் ஆடு மேய்க்கிறவர் ஒருவர்தான் வருவார். கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன். அவ்வளவுதான் பேச்சு. வாரம் முழுவதிலும் என்னை மனிதனாக மதித்த ஒரே ஆள் அவர்தான்.

மைத்துனன் வண்டி வாங்கியது போன வருடம். என் மனைவிக்குத் தம்பி, அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. எங்கள் வீட்டில்தான் இருந்தான், செல்போன் கடையில் வேலை. தனியாகப் போனால் எங்காவது முட்டிக்கொள்வான், உங்கள் கூடவே கூட்டிப் போங்கள் என்று அவள் கேட்டாள். கூட்டிப்போனேன். உள்ளதைச் சொல்கிறேன், முதல் சில மாதங்கள் எனக்கும் பிடித்திருந்தது.

பின்னால் வருகிறவனுக்கு முன்னால் போகிறவனின் முதுகு மறைக்கும், சாலை தெரியாது. அதனால் வண்டி ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சாலையில் மணலோ குழியோ இருந்தால் முன்னால் போகிறவன் அந்தப் பக்கத்துக் காலை வெளியே நீட்டிக் காட்டுவான். அதை அவனுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். “ரோட்டப் பாக்காத மாப்ளே, என் காலப் பாரு. கால் வெளிய வந்தா வேகத்தக் குறை. வரலைன்னா ரோடு சுத்தம், பயப்படாம சாஞ்சு வா” என்றேன். பையன் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டான். என் காலைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டான்.

பிறகு ஹெல்மெட்டில் கேமரா மாட்டினான். என் சாலையைப் படம் பிடித்து, வழி எப்படி என்று விளக்கம் வேறு சொல்லி, நெட்டில் போட்டு உலகத்துக்கே காட்டினான். அடுத்த மாதம் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் திருவிழாக் கூட்டம். பாட்டு, காகிதக் கப், ஒருத்தன் வண்டி மேல் ஏறி நின்று போஸ் கொடுக்கிறான். ஆடு மேய்க்கிறவரைக் காணோம். என் வண்டி படத்தில் விழுகிறது, கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா என்று ஒரு பையன் மரியாதையாகவே கேட்டான். எங்க மாமாதான், வண்டியும் அவர் வயசுதான் என்று மைத்துனன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வண்டியைத் தள்ளி வைத்தேன்.

அன்று வீடு திரும்பியதும் நெட்டிலிருந்து அந்தச் சாலைப் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. “அழகான எடத்த நாலு பேரு பாத்துட்டுப் போகட்டுமே மாமா, தேஞ்சா போயிடும்?” என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான் ஐயா. அதையும் ஊர்ச்சொத்தாக்கிவிட்டு ஒருவன் என் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

போன ஞாயிறு சீக்கிரமாகவே கிளம்பினோம். கூட்டம் வருவதற்குள் போய்விடலாம் என்று நான்தான் சொன்னேன். அவனுக்கு ஒரே சந்தோஷம், மாமாவுக்குக் கோபம் ஆறிவிட்டது என்று. தண்ணீர்ப் பக்கம் திரும்பும் பெரிய வளைவில் மணல் கிடந்தது. உள்விளிம்பு மட்டும் சுத்தமாக இருந்தது, அதில் போனேன். கண்ணாடியில் பார்த்தேன். சொல்லிக் கொடுத்தபடி அழகாகச் சாய்ந்து வந்துகொண்டிருந்தான். நான் காலை நீட்டவில்லை.

நான் அவனைத் தொடவில்லை, தள்ளவில்லை. ஒரு காலை இருந்த இடத்தில் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பாறையடியில் கிடந்தான். பேச்சு இருந்தது. “மாமா, நீங்க கால நீட்டலையே” என்றான். குற்றம் சொல்லுகிற குரல் இல்லை. தான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று கேட்கிற குரல். மறந்துட்டேன் மாப்ளே என்றேன். “பரவால்ல மாமா” என்றான்.

உடனே போன் செய்யவில்லை. கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வெயில் அப்போதுதான் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டு இல்லை, ஆட்கள் இல்லை. பழையபடி இருந்தது சாலை. பின்னாலிருந்து இரண்டு மூன்று தடவை மாமா என்று கூப்பிட்டான். அப்புறம் கூப்பிடவில்லை. அப்போதுதான் போனை எடுத்தேன்.

கடைசியில் தம்பி என்ன சொன்னான் என்று மனைவி கேட்டாள். அக்கா என்றுதான் சொன்னான் என்றேன். அழுகை கொஞ்சம் அடங்கியது. அந்த அளவுக்கு எனக்கும் இரக்கம் உண்டு.

இதையெல்லாம் சொல்லாமலே இருந்திருப்பேன். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆனால் நேற்று போய்ப் பார்த்தால் சாலையின் வாயில் இரும்புத் தடுப்பு. ஆபத்தான வளைவு, பராமரிப்பில்லாமல் மணல் சேர்கிறது, அதனால் நிரந்தரமாக மூடுகிறோம் என்று பலகை. நீங்கள் எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் மூடினார்களாம். இது அநியாயம். இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன், அந்த வளைவில் ஒரு பிடி மணலை நான் பார்த்ததில்லை. காற்றே கூட்டிப் பெருக்கிவிடும்.

அந்த மணல் எங்கள் தெருவில் வீடு கட்டக் குவித்திருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சாக்கில் கட்டிக்கொண்டு போய் நான்தான் தூவினேன். என் வண்டி போக மட்டும் ஓரத்தில் இடம் விட்டேன்.

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். ஆனால் அந்தத் தடுப்பை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள் ஐயா. அந்தச் சாலை ஒரு பாவமும் அறியாதது.